வேலிக்குக் கீழால் வந்த கிணறு

1.

அறுநூற்றுப் பன்னிரண்டு யூரோ நாற்பது சதம். பாரிஸ் லா சப்பலில் இந்திராதேவி அக்காவின் பலசரக்குக் கடைக்கு ஏரம்பமூர்த்தி கொடுக்கவேண்டிய இந்தக் காசிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. தொகை என் கற்பனை அல்ல, அக்காவின் கடன் கணக்குக் கொப்பியில் உள்ளது. அக்கா தாளை வீணாக்குவதில்லை. முன்பக்கம் ஒரு கடன்காரர், பின்பக்கம் இன்னொருவர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காலைச் சூரியன் பாரிஸ் நகரத்துக் கூரைகளை மெல்ல...". விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் கூரையைப் பார்க்கிற ஒருவரையும் எனக்குத் தெரியாது. எல்லோரும் மெத்றோவுக்கு ஓடுகிறார்கள்.

2.

ஏரம்பமூர்த்திக்குப் பாரிசுக்குக் கிழக்கே வயல்களின் நடுவில் வேலை. எண்ணெய்க் கிணறு துளைக்கிற இடத்தில், குழாயோடு குழாய் பூட்டுகிற திருகு மரைகளைக் கழுவிக் கிறீஸ் பூசவேண்டும். அந்தக் கிணறு இரண்டு கிலோமீற்றர் நேரே இறங்கி, வளைந்து, பிறகு மூன்று கிலோமீற்றர் படுத்தபடி போகிறது. எண்ணெய்ப் பாறை அப்படிப் படுத்துக் கிடப்பதால் கிணறும் படுக்கவேண்டியிருக்கிறது.

(வாளி எப்படி இறங்கும் என்று நானும் கேட்டேன். வாளி இல்லையாம்.)

"இரும்புக் குழாய் எப்படி வளையும்?" என்று ஏரம்பமூர்த்தி கேட்டதற்கு, துளைக்கிற யானிக், "போதிய நீளம் இருந்தால் எதுவும் வளையும்" என்றானாம். தன் கடனும் அப்படித்தான் என்று ஏரம்பமூர்த்தி நம்பியிருந்தார்.

3.

அக்கா வளையவில்லை.

"வெள்ளிக்கிழமை கல்லாவுக்கு மேலை உம்மடை பேரை எழுதி ஒட்டுவன், மூர்த்தி."

ஏரம்பமூர்த்தி ஊர்ச்சங்கத்தின் பொருளாளர். வெள்ளிக்கிழமை பாதி ஊர் அங்கே மரக்கறி வாங்க வரும். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம்.

"கிணறு முடியக் காசு தருவாங்கள் அக்கா. இன்னும் எண்ணூறு மீற்றர்தான்."

"அவ்வளவு ஆழமோ?"

"ஆழமில்லை, தூரம். படுத்துப் போற கிணறு."

"ஆரின்ரை காணிக்குக் கீழாலை?"

பேச்சு கடனை விட்டுத் திரும்பிய சந்தோசத்தில் அவர் ஒரு முருங்கைக்காயை நிமிர்த்திப் பிடித்து, அதன் அடியில் இன்னொன்றைப் படுக்கவைத்தார்.

"இப்பிடியே போனால், இதிலை கூசேன்வில்."

அக்கா சொந்தமாக வாங்கிய வீடு கூசேன்வில்லில்தான். பின்னால் கையகலத் தோட்டமும் உண்டு. கிணற்றிலிருந்து அறுபது கிலோமீற்றர். அதை ஏரம்பமூர்த்தி சொல்லவில்லை.

4.

[இங்கே ஒரு குறிப்பு. அக்காவின் குடும்பம் யாழ்ப்பாணத்தில் ஒரு சாண் வேலிக்காக இருபத்திரண்டு வருடம் வழக்காடியது. விரிவாக எழுதி வெட்டிவிட்டேன். வாசகர்கள் அவரவர் வேலியை இட்டு நிரப்பிக்கொள்ளலாம்.]

"கேக்காமல் கொள்ளாமல் என்ரை வேலிக்குக் கீழாலை வாறாங்களோ?"

கல்லாவில் இருந்த மகள் சுபாங்கி, நிலத்துக்கு அடியில் உள்ளதெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

"உனக்கு வழக்கைப்பற்றி என்ன தெரியும்? மூர்த்தி, நீர் கண்ணாலை கண்டவர். சாட்சி சொல்லுவீரோ?"

ஏரம்பமூர்த்தியின் தலை தானாக ஆடியது.

"அப்ப இந்தக் கடன் இருக்கேலாது. எதிர்ப்பக்கத்து வக்கீல் முதல்லை கேக்கிறதே, உமக்கும் இவவுக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கோ எண்டுதான். கடன்காரன்ரை சாட்சி எடுபடாது."

கொப்பியைத் திறந்தார். தாளைக் கிழித்தார், நாலாக மடித்துக் குப்பைவாளியில் போட்டார்.

5.

முடிவு ஒன்று: ஏரம்பமூர்த்தி உண்மையைச் சொல்கிறார், பெயர் கல்லாவுக்கு மேலே ஏறுகிறது.

முடிவு இரண்டு: பிரெஞ்சு நீதிபதியின் முன்னால் இரண்டு முருங்கைக்காயோடு நிற்கிறார்.

முடிவு மூன்று: கிணறு மெய்யாகவே கூசேன்வில்லுக்கு... இல்லை. யானிக் சிரிப்பான்.

நடந்தது இவ்வளவுதான். வாசல்வரை போன ஏரம்பமூர்த்தி திரும்பி வந்தார். மனச்சாட்சி உள்ள பொருளாளர்.

"அக்கா, ஒரு விசயம். அந்தக் கிணறு..."

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். கிழிபட்ட தாளின் பின்பக்கம் என்னுடையது. எண்பத்துநான்கு யூரோ இருபது சதம். கோபத்தில் அக்கா திருப்பிப் பார்க்கவில்லை. நான் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று பலமாக இருமினேன். ஏரம்பமூர்த்தி என்னைப் பார்த்தார்.

அவருடைய வாக்கியத்தை வெள்ளிக்கிழமைவரை நான் முடிக்காமல் வைத்திருந்தேன். அன்று காலையில் குப்பை வண்டி வந்து அந்தத் தாளைக் கொண்டுபோய்விட்டது.

இனி நீங்கள் முடியுங்கள்.