ஆஷா பெயரில் ஓடியவள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று என் மேலேயே வந்த கோபத்தை மட்டும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆண்டு விழா நாலு மணிக்கு. மூன்றே காலுக்குத் தலைமையாசிரியை புஷ்பம் மேடத்தின் அறையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் நான் எழுதிய ஆண்டறிக்கை, நாலு பக்கம். பிள்ளைகளைக் கோட்டூர்புரம் நூலகத்துக்குக் கூட்டிப்போனது, மொட்டை மாடியில் கீரை போட்டது, மூன்றாம் வகுப்புப் பையன் ஓவியப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியது எல்லாம் அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில்தான் அந்த வரி இருந்தது. மண்டல அளவிலான நூறு மீட்டர் ஓட்டத்தில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஆஷா முதலிடம்.

ஆஷா ஓடவே இல்லை. ஓடியது தஹ்சீன்.

போட்டிக்குப் பெயர் கொடுத்தால் கொடுத்ததுதான், பிறகு மாற்ற முடியாது. நான் ஆஷாவின் பெயரைக் கொடுத்திருந்தேன். போட்டியன்று காலையில் பார்த்தால் ஆளைக் காணோம். அவள் அம்மா குப்பம்மா, மீன் கூடையைக் கூட எடுக்காமல், தங்கச்சி வளைகாப்புக்கென்று மகளையும் கூட்டிக்கொண்டு பாலவாக்கம் போய்விட்டாள். பெயர் கொடுத்துவிட்டு ஆள் வராவிட்டால் பள்ளிக்கு மெமோ வரும். கோ-கோ ஆட வந்திருந்த தஹ்சீனை இழுத்து, ஆஷாவின் எண் அட்டையை அவள் சட்டையில் குத்தினேன். "யார் கேட்டாலும் ஆஷான்னு சொல்லு. இதப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றேன். தலையாட்டினாள்.

கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, வருகை பதிவானால் போதும் என்று நினைத்தேன். அவளோ வெறுங்காலோடு ஓடி, மற்ற பிள்ளைகளைப் பத்தடி பின்னால் விட்டுவிட்டு வந்து நின்றாள். ஏழு மாசமாக என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் இப்படி ஓடுவாள் என்பது எனக்குத் தெரியாது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

முதலில் வந்தவர்கள் சனிக்கிழமை நந்தனத்தில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டும். அதைக் கேட்ட நாளிலிருந்து தஹ்சீன் பள்ளி விட்டதும் பட்டினப்பாக்கம் மணலில் இருட்டும் வரை ஓடிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமையும் அதே பேர்ல ஓடட்டும் தங்கம்" என்றார் புஷ்பம் மேடம். "உண்மையச் சொன்னா முதலிடம் போகும், நந்தனம் போகும், உனக்கும் எனக்கும் விளக்கம் கேட்டு லெட்டர் வரும். இன்னிக்கு ஆஷாவே மேடை ஏறி கப்ப வாங்கிக்கட்டும். அதுகிட்ட சொல்லிட்டேன்."

"தஹ்சீனோட அம்மா வந்திருக்காங்க மேடம்."

"அவங்களுக்கு என்ன தெரியும்?"

"பொண்ணு ஜெயிச்சது தெரியும். பேர் மாத்தினது தெரியாது."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ அறிக்கைய மட்டும் படி. வேற எதுவும் பேசாத."

தஹ்சீன் என் பேச்சை மீறவில்லை. வீட்டில் அம்மாவிடம், ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன் என்பதை மட்டும் சொல்லியிருக்கிறாள். பத்து வயசுப் பிள்ளை அதையும் எப்படி அடக்கி வைப்பாள்? அவள் அம்மா அஃப்சருன்னிசா மயிலாப்பூர் தையல் கடைகளுக்கு ஜாக்கெட்டில் எம்பிராய்டரி போட்டுக் கொடுப்பவர். பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அன்று வேலையைப் போட்டுவிட்டு வந்து, முதல் வரிசையில், புது பர்தாவில், வீடியோ எடுக்கச் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மண்டல அலுவலகத்திலிருந்து ஜெயராம் சார் வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். நான் மைக் முன்னால் போய் நின்றேன். முதல் மூன்று பக்கத்தை எப்படிப் படித்தேன் என்று தெரியாது. கீரைக்குக் கைதட்டினார்கள், நூலகத்துக்குக் கைதட்டினார்கள். நாலாம் பக்கத்தைத் திருப்பும்போது முதல் வரிசையில் செல்போன் உயர்ந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஒரு நிமிஷம் கடத்தினேன். பக்கத்து நாற்காலியிலிருந்து மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோழை மாதிரி ஆஷா என்று படித்தேன்.

ஆஷா தலை குனிந்தபடி மேடை ஏறி, ஜெயராம் சார் கொடுத்த கப்பை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். அஃப்சருன்னிசாவின் செல்போன் மெல்ல இறங்கியது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த மகளைக் கையைப் பிடித்துத் தூக்கினார். மேடைக்கும் அவர்களுக்கும் நாலடிதான் இடைவெளி.

"நீதான் ஜெயிச்சேன்னு சொன்னியே?"

"சும்மா சொன்னேன் அம்மி."

"சும்மான்னா?"

"பொய் சொன்னேன்."

பளாரென்று அறை விழுந்தது. கைதட்டல் அப்படியே நின்றுவிட்டது. அஃப்சருன்னிசா என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் சிவந்து கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். வேற பொண்ணு ஜெயிச்சத இது ஜெயிச்சதா சொல்லிக்கினு திரிஞ்சிருக்கு. நான் வேற தெரு முழுக்கச் சொல்லிட்டேன். பொய் சொல்ல எங்க கத்துக்கிச்சுன்னே தெரியல."

எங்கே கற்றுக்கொண்டது என்று எனக்குத் தெரியும்.

தஹ்சீன் அழவில்லை. ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள், கண்ணை இமைக்காமல். காப்பாற்றுங்கள் டீச்சர் என்று கெஞ்சுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அறிக்கையை மடித்தேன். மேடம் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது தெரிந்தது. இழுத்தால் இழுக்கட்டும்.

"ஓடினது ஆஷா இல்ல" என்றேன் மைக்கில். "தஹ்சீன். நம்பரைக் குத்தி, பேரை மாத்திச் சொல்லச் சொன்னது நான். அந்தப் பொண்ணு பொய் சொல்லல."

ஜெயராம் சார் எழுந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஆபீஸ் கோப்பைப் படிக்கிற குரலில், "ரிசல்ட் ரத்தாகும்மா. ரெண்டாவதா வந்த பிள்ளைதான் நந்தனம் போகும். உங்ககிட்ட எழுத்துல விளக்கம் கேப்போம்" என்றார். ஆஷா அவர் கேட்பதற்கு முன்பே கப்பை நீட்டினாள். அதைக் கொடுத்த பிறகுதான் அவள் தலை நிமிர்ந்தது.

கீழே அஃப்சருன்னிசா மகளின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தார். "ஏன்டி அம்மிகிட்ட சொல்லல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. வேலை போனாலும் போகட்டும், ஒரு பிள்ளையின் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. தஹ்சீன் அம்மாவின் கையை விலக்கிவிட்டு மேடைப்படி ஏறி என்னிடம் வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன்.

"நான் யாராண்டயும் சொல்லலையே டீச்சர். அறை வாங்குனப்பகூட சொல்லல. நீங்க இன்னாத்துக்கு சொன்னீங்க?"

"உன் பேரு வெளிய வர வேணாமா தஹ்சீன்? உங்கம்மா உன்னப் பத்தித் தப்பா…"

"எந்தப் பேர்ல ஓடுனா இன்னா டீச்சர்" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "சனிக்கிழம நந்தனத்துல ஓடியிருப்பேன்ல."

மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் அவள் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.