குதிரைக்கு விரித்த வால்நட்

அமெரிக்காவின் மிசௌரியில் கருப்பு வால்நட்டை இழைத்துப் பிழைப்பவர்களுக்கு அந்த மரத்தை நினைத்தாலே கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும். தச்சர் வெண்டலுக்கு அது இரண்டு மடங்கு. சாக்லேட் நிறம், அதில் லேசான ஊதா, இழைப்புளிக்கு அடங்கிப் போகும் குணம். துப்பாக்கிக் கட்டை, சாப்பாட்டு மேசை, சவப்பெட்டி எதைச் செய்தாலும் செய்தவன் மானத்தைக் காப்பாற்றும். ஆனால் குதிரைக்கு மட்டும் ஆகாது. அதை இழைத்த சுருளைக் காலடியில் விரித்து ஓர் இரவு நின்றாலே குளம்புக்குள் வீக்கம் கண்டு குதிரை முடமாகிவிடும். இது தெரியாத தச்சன் அந்தப் பக்கத்தில் கிடையாது. அதனால்தான் பக்கத்துப் பண்ணை ரோண்டாவின் லாயத் தரையில் விரிக்க அவர் பைன் மரச்சுருள் மட்டுமே கொடுப்பார்.

வியாழக்கிழமை காலை ரோண்டா போன் செய்தாள்.

"வெண்டல், கொஞ்சம் ஓடி வாயேன். டிக்ஸிக்கு நடக்கவே முடியல."

அவர் போனபோது அந்தப் பெட்டைக்குதிரை முன்னங்கால்களை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் சாய்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. கால்நடை டாக்டர் குளம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"அடுப்பாட்டம் கொதிக்குது. என்னத்த தின்னுச்சு?"

"நான் என்ன கேக்கா ஊட்டினேன்? எப்பவும் போடற காய்ஞ்ச புல்லுதான்."

வெண்டல் கீழே பார்த்தார். வெள்ளைச் சுருளுக்கு நடுவே கரும்பழுப்புச் சுருள். பட்டறையில் தூசி உறிஞ்சும் எந்திரத்தின் பையைப் போன வாரம் காலி செய்யவில்லை. அடியில் வால்நட், மேலே பைன். மேலாக வெள்ளையைப் பார்த்துவிட்டு அப்படியே மூட்டை கட்டிக் கொடுத்திருக்கிறார். முப்பது வருஷத் தொழில்காரர்!

டாக்டர் சோளமா, காய்ச்சலா என்று ஒவ்வொன்றாகக் கேட்க, இவரும் கூடவே தலையாட்டிக்கொண்டு நின்றார். குதிரையின் காலைவிடத் தன் பேர்தான் அப்போது அவருக்குப் பெரிதாக இருந்தது, வெட்கக்கேடு. கால் மணி நேரம் போயிற்று. டிக்ஸி முனகியது.

"ரோண்டா, என் தப்புதான். கீழ கிடக்கறது வால்நட்."

டாக்டர் துள்ளி எழுந்தார். "அட பாவி மனுஷா! முதல்ல வெளிய இழுங்க! கால ஐஸ்ல வைக்கணும்!"

மூவரும் சேர்ந்து தள்ளியும் இழுத்தும் டிக்ஸியை வெளியே கொண்டுவந்தார்கள். கால்களை ஐஸ் தொட்டியில் வைத்தபின், பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். வெண்டலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ரோண்டா திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஆறு மூட்டை கொடுத்த. நான் பிரிச்சது ரெண்டு."

"மீதி?"

"நேத்து சாயங்காலம் சவாரிப் பள்ளிக்காரி கேட்டான்னு தூக்கிக் கொடுத்துட்டேன். அங்க பதினாலு குதிரைய்யா!"

டாக்டர் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ரோண்டா வெண்டலின் முகத்தையே பார்த்தாள்.

"அந்தச் சுருள வந்ததுமே பாத்துட்டயா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவள் காத்திருக்காமல் வண்டியை நோக்கி ஓடினாள்.