மின்முகன் நாற்பதாம் இலக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னாலுள்ள போட்டோக்கொப்பிக் கடையில் இருந்தவர்கள் நாலு பேர். கடைக்காரி ஜெயரூபினி, மெசினோடு ஒட்டிய உயரக் கதிரையில். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற முத்துலிங்கம் ஐயா, கடையிலுள்ள கைபிடி வைத்த ஒரேயொரு கதிரையில். வவுனியா பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற தனுஷா, கடதாசிக் கட்டுகளின் மேல் சம்மணம் போட்டு. அக்கராயனில் வயல் செய்கிற சுதாகரன், கதவடியில் கவிழ்த்து வைத்த சோடாப் பெட்டியில். வெளிச்சம் அவன் முதுகுப் பக்கமிருந்து வந்தபடியால் அவன் முகம் மற்றவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்த முகத்தை அன்று வடிவாகப் பார்த்திருக்க வேண்டும் என்று ஜெயரூபினி பிறகு பல தரம் நினைத்தாள்.

நாலு பேரையும் ஒன்று சேர்த்தது மின்முகன். மின்கம்பத்திலிருந்து விழுந்து, முகமெல்லாம் மின்சாரம் ஏறிப்போன ஒரு கம்பியிழுக்கும் தொழிலாளியின் சித்திரக்கதை. அவன் முகத்தை நேரே கண்டவர்களுக்குக் கண் போய்விடும் என்பதால் செப்பு முகமூடியோடுதான் திரிவான். நாற்பது இலக்கங்கள் சென்னையில் அச்சாகி, எப்படியெப்படியோ கடல் தாண்டி வந்தன. யுத்த காலத்தில், டோர்ச் பற்றறிக்கே தடை இருந்த வன்னியில், குப்பி விளக்கு வெளிச்சத்தில், உடம்பெல்லாம் மின்சாரமுள்ள ஒருவனின் கதையைப் பிள்ளைகள் முறை வைத்துப் படித்தார்கள்.

இப்போது அது படமாக வரப்போகிறது. முன்னோட்டத்தில் மின்முகன் முகமூடியைக் கழற்றிவிட்டு மழையில் நனைந்தபடி நிற்கிறான். முத்துலிங்கம் ஐயாவுக்கு அது பொறுக்கவில்லை. முப்பத்தொன்பது இலக்கம் படித்தவர் அவர். ஒரு இடத்திலும் அவன் கழற்றவில்லை என்று மேசையில் தட்டிச் சொன்னார். நாற்பதைப் படித்தீர்களோ என்று தனுஷா கேட்டாள். அவர் படிக்கவில்லை. அவளும் படிக்கவில்லை. சுதாகரன் சிறுவயதில் அதன் அட்டையை மட்டும் கண்டவன். படக் கம்பனிக்காரரிடமே அந்த இலக்கம் இல்லையாம். யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் படமெடுத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் முடிவை நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று முகநூலில் போட்டிருந்தார்கள்.

"நான் படிச்சனான்," என்றாள் ஜெயரூபினி. "கழட்டுறான்தான்."

ஒருவரும் நம்பவில்லை. முத்துலிங்கம் ஐயா சிரித்தார்.

"பிள்ளை, படிச்சனீர் எண்டால் புத்தகம் எங்கை?"

"ரூபியக்கா கனவில படிச்சிருப்பா," என்றாள் தனுஷா.

அந்தச் சிரிப்புத்தான் அவளைச் சொல்ல வைத்தது. பூநகரிக் கரையில் அவர்களுடைய காணியில், அப்பா வலை வைத்திருந்த கொட்டிலுக்குப் பின்னால், தகரப் பெட்டிக்குள் பொலித்தீன் சுற்றிப் புதைத்திருக்கிறது என்றாள். இடம்பெயர்ந்த நேரம் அப்பா கிறகோரி வலையையும் எஞ்சினையும் புதைத்த குழியிலேயே அவளுடைய புத்தகங்களையும் வைத்தார். சாமானைக் கட்டிச் சுமக்க முடியாத சனம் அப்படித்தான் மண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனது.

அந்தப் பக்கம் மிதிவெடி என்று மண்டையோட்டுப் பலகை நிற்கிறதே என்று சுதாகரன் கேட்டான். நெல்லேற்றிக்கொண்டு அந்த வழியால் போகும்போது கண்டிருக்கிறான்.

ஜெயரூபினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எங்கட அப்பா எழுதினது. கள்ளர் வந்து கிண்டக்கூடாதெண்டு வள்ளத்துக்குப் பூசுற பெயின்ரால மண்டையோடு கீறி நட்டவர். பல்லைப் பாத்தனியோ? ஆட்டின்ரை பல்லு மாதிரி இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்படிப் பொய்ப் பலகை நட்டவர்கள் தங்கள் ஊரிலும் இருந்தார்கள் என்று முத்துலிங்கம் ஐயா இரண்டு பெயர் சொன்னார். சுதாகரன் சிரித்தானா இல்லையா என்பது தெரியவில்லை. கொஞ்ச நேரத்தால் எழும்பி, மாட்டுக்குத் தண்ணி வைக்க வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலமை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கடதாசிகள் நிறைய வந்திருந்தன. கூட்டம் குறைந்ததும் ஜெயரூபினி சுதாகரனுக்குப் போன் அடித்தாள். பழைய அட்டைப் படங்களைப் பெரிதாக்கித் தரச் சொல்லியிருந்தான். எந்த அளவில் என்று கேட்க வேண்டும். போன் வேலை செய்யவில்லை. வீட்டு இலக்கத்துக்கு அடித்தாள். அவனுடைய தாய் மீனம்மா எடுத்தா. மலைநாட்டிலிருந்து குழந்தையாக வன்னிக்கு வந்தவ; இவ்வளவு காலமாகியும் பேச்சு மாறவில்லை.

"விடியவே மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போனான் பிள்ள. வயலுக்காடான்னு கேட்டேன். இல்லம்மா, பூநகரிப் பக்கம் ஒரு சின்ன வேலன்னான்."

மெசின் ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சக் கோடு கண்ணாடிக்குக் கீழே போய்ப் போய் வந்தது. ஜெயரூபினி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். பலகை பொய் என்று தான் சொன்னது உண்மை. ஆனால் அந்தப் பலகை நட்டு அவர்கள் வெளிக்கிட்ட பிறகு அந்தக் கரை மாதக்கணக்காகச் சண்டை முன்னரங்காகக் கிடந்தது. யார் யார் அதில் நின்றார்கள், எதை எங்கே மண்ணுக்குள் தாட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? மிதிவெடி அகற்றிக் காணியை விடுவித்தோம் என்று இன்றைக்கும் ஒருவரும் அவளுக்கு எழுதவில்லை. இதெல்லாம் அவளுக்கு நேற்றும் தெரியும். ஆட்டுப் பல்லைச் சொன்னவள் இதைச் சொல்லவில்லை.

முத்துலிங்கம் ஐயாவைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் அவருடைய மோட்டார் சைக்கிளில் போனார்கள். பரந்தனில் திரும்பி பூநகரி வீதியில் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. வெளிக்கிட ஐயாவுக்கு அவள் சொன்ன இரண்டு வசனமே போதுமாயிருந்தது. வழியில் மிதிவெடி அகற்றுகிறவர்களின் நீலக் கொட்டகையும், தடித்த முகக்கவசத்தோடு குந்தியிருந்த பெண்களும் தெரிந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும், எதிரே அம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்புத்தான் அவளுக்கு. வெடிச் சத்தம் இந்த வெளியில் எவ்வளவு தூரம் கேட்கும்? கேட்டிருந்தால் வீதிக்கரையில் ஆடு மேய்க்கிற இவன் இப்படி நின்று பல் துலக்குவானா?

சுதாகரனின் சைக்கிள், காணிக்குப் போகிற ஒழுங்கையில், அவளுடைய அப்பாவின் பலகையில் சாத்தி நின்றது. பெயின்ற் வெளிறியும் ஆட்டுப் பல் அப்படியே இருந்தது. அதைத் தாண்டி, பற்றைக்குள் மறைந்து, வேறு சிறிய பலகைகள் நின்றன. ஒழுங்காக வெட்டிய சிவப்புப் பலகைகள், மூன்று மொழியிலும் எழுதியவை. ஆட்டுப் பல் கதையைக் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு அவையும் கிறகோரி நட்டவை போலத்தான் தெரியும்.

அவன் கூப்பிடு தூரத்தில் நின்றான். கொட்டிலின் காலொன்று மட்டும் மிஞ்சியிருந்த இடத்துக்கு இந்தப் பக்கம், முதுகைக் காட்டியபடி, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக. மண்வெட்டியை நெஞ்சோடு பிடித்திருந்தான். அவன் அசையவில்லை.

"சுதா," என்றாள். கத்தினால் திடுக்கிட்டுவிடுவான் என்று பயந்து, கடையில் கூப்பிடுகிற மாதிரித்தான் கூப்பிட்டாள்.

"அக்கா, வராதேங்கோ." குரல் அவனுடையது மாதிரி இல்லை. "முன் காலுக்குக் கிட்ட ஒண்டு கிடக்கு. மழை கழுவி விட்டிருக்கு. பின்னால வந்த வழியில இன்னொண்டைக் கண்டனான். அதுக்குப் பிறகு நான் அசையேல்லை."

"போன் எங்கை?"

"சைக்கிள் பையுக்குள்ளை. சார்ச் இல்லை."

முத்துலிங்கம் ஐயா மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதிவரைக்கும் போய், அங்கேதான் ஸ்ரார்ட் பண்ணினார். நீலக் கொட்டகைப் பக்கம் சத்தம் குறைந்து குறைந்து போனது. ஜெயரூபினி தான் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். மாட்டுக் குளம்படிகளும் சைக்கிள் சில்லுத் தடமும் இருந்தன. அவற்றின் மேல் தன் இரண்டு காலையும் ஒடுக்கி வைத்தாள்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சுதாகரனின் சேட் வியர்வையில் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. முழங்கால் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

"கால் விறைக்குது அக்கா. குந்தப் போறன்."

"குந்தாதை."

"ஏலாமல் கிடக்கு."

செபம் வாயில் வரவில்லை. வந்தது மின்முகன்தான்.

"நாற்பதாவது எப்பிடி முடியுது எண்டு உனக்குச் சொல்லேல்லை," என்றாள். "முதல் பக்கம் சொல்லுறன் கேள். நகரம் முழுக்க இருட்டு. மின் நிலையத்தை உடைச்சுப் போட்டாங்கள். ஆசுபத்திரியில பிள்ளைகள் இருக்குதுகள். கீழ்ப் படப்பெட்டியில ஒரு நாய் நிக்குது."

"நாய்க்கு என்ன நிறம்?"

"கறுப்பு வெள்ளைப் புத்தகமடா."

அவன் தோள் ஒரு தரம் குலுங்கியது. சிரித்தான் என்று தெரிந்து அவள் இன்னும் பயந்தாள். பெட்டி பெட்டியாகச் சொல்லத் தொடங்கினாள். யார் எந்தப் பக்கம் நிற்கிறான், யாருடைய வாயிலிருந்து எந்தச் சொல் வருகிறது, நிழல் எங்கே விழுகிறது. நினைவிலிருந்த பக்கங்கள் முடிந்து போவது அவளுக்குத் தெரிந்தது. வீதியில் ஒரு சத்தமும் இல்லை. முடிவைச் சொல்லிவிட்டால் அவனை நிறுத்தி வைக்க அவளிடம் ஒன்றும் மிஞ்சாது. அதனால் மின் நிலையக் கூரையில் ஒரு சண்டையை நுழைத்தாள். வில்லன் சங்கிலியைச் சுழற்றுகிறான், மின்முகன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுகிறான்.

"அக்கா," என்றான் சுதாகரன், "அது முப்பத்தெட்டாம் இலக்கத்துச் சண்டை."

"ரெண்டிலயும் வரும்."

"வராது. தொட்டியை முப்பத்தொன்பதில உடைச்சுப் போட்டாங்களே."

"நீ படிச்சனியோ, நான் படிச்சனானோ?"

அவன் பிடித்திருந்த மண்வெட்டியின் அலகு ஆடியது. அது கையிலிருந்து நழுவினால் எங்கே விழும் என்று பார்த்துவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே இன்னொரு சண்டை சொன்னாள். அதையும் அவன் எங்கிருந்து எடுத்தது என்று கண்டுபிடித்தான். ஆனால் இலக்கத்தைப் பிழையாகச் சொன்னான். அது அவளுக்கு இன்னும் பயமாயிருந்தது. சுதாகரன் இலக்கம் பிழைக்கிறவன் அல்ல.

"கழட்டுறானோ இல்லையோ?" என்று கேட்டான். "அதை மட்டும் சொல்லுங்கோ. பிறகு நான் குந்துறன்."

வீதிப் பக்கம் வாகனச் சத்தம் கேட்டது. உண்மையில் வாகனமா, வெறும் காற்றா என்று நிச்சயமில்லை. இனி இழுக்க முடியாது.

"சனத்தை நகரத்துக்கு வெளியில கொண்டு போகோணும்," என்றாள். "பாதை தெரியாது. எல்லாரையும் தனக்குப் பின்னால வரச் சொல்லுறான். தான் முன்னுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, முகமூடியைக் கழட்டுறான். வெளிச்சம் முன்னால விழுது. சனம் அவன்ரை காலடியைப் பாத்து நடக்குது. கடைசிப் பக்கம் முழுக்க முதுகுதான். முகம் ஒருத்தருக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது."

சுதாகரன் மண்வெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"அப்ப ஐயா சொன்னதும் சரி," என்றான் பிறகு.

"ஓம். ஐயா சொன்னதும் சரி."

முகக்கவசம் போட்ட இரண்டு பெண்களும் ஒரு மேற்பார்வையாளரும் வந்தார்கள். ஒருத்தி ஒழுங்கையில் முழங்காலில் இருந்து மண்ணைச் சிறு குச்சியால் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, முன்னேறிய இடத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கயிறு போட்டாள். மற்றவள் அவனோடு பேசிக்கொண்டேயிருந்தாள். கயிற்றுக்கிடையில் ஓராள் நடக்கிற அகலம் மட்டும். அவர்கள் அவனை அடைந்து, மண்வெட்டியை வாங்கி, கையைப் பிடித்துக் கூட்டி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவன் கண்டது இரண்டு. அவர்கள் கண்டது நாலு. இரண்டை அவன் காணாமல் தாண்டிப் போயிருந்தான். அதைக் கேட்டதும் ஒழுங்கையிலேயே குந்தி வாந்தி எடுத்தான். தகரப் பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மேற்பார்வையாளர் ஏசவில்லை. தன் ஊர் முழங்காவில் என்றார். அப்பாவின் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"இப்பிடிச் சனம் நட்ட பொய்ப் பலகையள் எத்தினை இருக்கெண்டு எங்களுக்குத் தெரியாது. ஊரிலயெல்லாம் இது பகிடி. அதாலதான் நாங்கள் நடுறதையும் பகிடியெண்டு நினைக்குதுகள். நடந்ததை எழுதி அனுப்புங்கோ அக்கா. ஆர் இருந்தது, ஆர் கேட்டது, எல்லாம். அவையள் வேற ஆருக்கும் சொல்லியிருக்கலாம்."

அந்தக் கடைசி வசனத்தோடுதான் அவள் வீடு போனாள். அன்றைக்கே தனுஷாவுக்குப் போன் எடுத்தாள். தனுஷா கடைக் கதையை, ஆட்டுப் பல்லோடு, மின்முகன் ரசிகர் குழுவில் பகிடியாகப் போட்டிருந்தாள். ஊர்ப் பெயரும் போட்டிருந்தாள். உடனே அழித்தாள். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்கள், அதில் யாரிடம் மண்வெட்டி இருக்கிறது என்பதை அழிக்க முடியாது.

அடுத்த நாள் கடையைத் திறக்காமல் இருந்து ஜெயரூபினி மிதிவெடி அகற்றும் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். அன்று இருந்தவர்கள் யார், எங்கே இருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கினாள். கதவடியில் சுதாகரன் என்று எழுதும்போது பேனை நின்றது, பிறகு எழுதினாள். தான் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள், சிரித்ததையும். ஐயா பெயர் சொன்ன மற்ற இரண்டு காணிகளையும் அவரிடம் கேட்டு எழுதினாள். அப்பாவின் பலகையைப் பிடுங்க வேண்டாம், அந்த நிலம் துப்புரவாகும்வரை நிற்கட்டும், ஆனால் அதன் கீழே உங்கள் அலுவலகத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள் என்று கேட்டாள். நாற்பதாம் இலக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

தனுஷா முடிவைப் படக் கம்பனிக்கு எழுதுவமா என்று கேட்டு அனுப்பியிருந்தாள். புத்தகம் எங்கே என்று கேட்பார்கள், என்று மட்டும் ஜெயரூபினி பதில் போட்டாள்.

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துப் பசை பூசினாள். ஒட்டிய இடத்தைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே தபாற்கந்தோருக்கு நடந்தாள். பதிவுத் தபால் என்றாள். கவுண்டரில் இருந்த பெண் முத்திரை குத்தி, மற்றக் கடிதங்களின் மேல் போட்டாள்.

"எப்ப போய்ச் சேரும்?" என்று கேட்டாள் ஜெயரூபினி.

"நாளைக்கு, இல்லாட்டி நாளையிண்டைக்கு."

அதுவரைக்கும் அந்த ஒழுங்கைக்கு ஒருவரும் போகக்கூடாது. பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், பூநகரி பஸ் புறப்படுகிற பக்கம் போய், அதில் யார் யார் ஏறுகிறார்கள், கையில் மண்வெட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.