பத்தொன்பதாவது எபியில் தூங்குகிறவன்

1

இந்தக் கதை ஒரு கத்தலில் பிறந்தது. உத்வேகம், உள்ளொளி என்று கதைவிட எனக்கு நேரமில்லை. என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது சுவர் என்று வாடகை வாங்குகிறவர் சாதிக்கிறார். அந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கினால் இந்தப் பக்கம் கண் கரிக்கும், அப்படிப்பட்ட சுவர். ஒரு நாள் பட்டப்பகலில் அதைத் தாண்டி வந்தது:

"எந்திரிடா எருமை! எத்தன தடவடா உன்ன எழுப்புறது?"

ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு தூக்கத்தில் குழறிய ஆண்குரல். "என்னம்மா... லாரி வந்துருச்சா?"

"ஐயோ, உங்கள இல்லீங்க. நீங்க தூங்குங்க."

உங்களை இல்லை என்றால் வேறு யாரை? அந்த ஒற்றை அறையில் இன்னொருவன் படுக்க இடமேது? காதில் விழுந்ததை அப்படியே விட்டுவிட்டு வேலையைப் பார்க்கிற நல்ல மனுஷி இல்லை நான். பேனாவை எடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'சுவருக்கு அப்பால் ஒரு பெண்ணின் ஓலம். குடித்துவிட்டுக் குப்புறக் கிடக்கும் கணவனை அவள்...'

[இதைப் பிறகு ஒருத்தி படித்துவிட்டாள். அந்தச் சண்டை கீழே வருகிறது.]

இரண்டாவது: 'ஈவிரக்கமில்லாத மேஸ்திரியைப் போல வெயில் தெருவை மேய்த்துக்...'

[வெயில் எந்த மேஸ்திரியைப் போலவும் இல்லை. சும்மா அடித்தது.]

மூன்றாவது: 'அவள் காதல் கதை எழுதுகிறவள்.'

[சரி. இது நிற்கும். இனி சுவருக்கு அப்பால் இருக்கிற அவள் பக்கமாகவே நின்று சொல்கிறேன்.]

3

அவள் காதல் கதை எழுதுகிறவள். பதிப்பகம் கிதிப்பகம் எதுவும் கிடையாது. தானே எழுதி, தானே பிழை பார்த்து, தானே அட்டைக்குப் படம் தேடி, தானே இணையத்தில் ஏற்றி, எவளாவது திட்டினால் தானே வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். தெருவில் அவளுக்கு ரைட்டர் என்று பெயர். கேலிக்கு வைத்தது, ஒட்டிக்கொண்டது.

புத்தகமாக்குவதற்கு முன் வாசகியர் குழுவில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டுப் பார்ப்பாள். அத்தியாயம் என்ற சொல் அங்கே செல்லாது. எபி. எபிசோடின் சுருக்கம். புது எபி போட்டால் அது யூடி, அதாவது அப்டேட். குழுவில் எடுபட்டால் புத்தகமும் எடுபடும். குழுவில் முகம் சுளித்தால் முடிந்தது.

இதுவரை ஆறு நாவல். ஆறு நாயகர்களும் முதலாளிகள். அத்தனை பேரும் ஆறடி, அத்தனை பேருக்கும் மூக்கு நுனியில் கோபம். தன் கம்பெனி என்னதான் செய்கிறது என்று ஒருத்தனுக்கும் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவான். ராத்திரி முழுக்க விழித்திருந்து நாயகியை முறைத்துவிட்டு, காலையில் கசங்காத சட்டையோடு வருவான்.

அவளுடைய வீட்டுக்காரர் சரக்குக் கிடங்கில் ராத்திரி லோடு இறக்குகிறவர். காலையில் வந்து குளித்துவிட்டு, அடுப்புப் பக்கம் காலை நீட்டி, தரையில் விழுந்தால் மதியம் வரை அசையமாட்டார். மிச்சத் தரை என்று ஒன்று இல்லாததால் ரைட்டர் சமையல் மேடையில் எண்ணெய் டப்பாவுக்குப் போனைச் சாய்த்து வைத்து, நின்றபடியே இரண்டு கட்டைவிரலால் எழுதுவாள். ஆறு புத்தகமும் நின்று எழுதியவை.

ஒரு நாள் ஆறாவது முதலாளியைப் பற்றி 'அவனது இரும்புத் தோள்கள்' என்று அடித்துக்கொண்டிருந்தாள். அன்று காலைதான் வீட்டுக்காரரின் தோளுக்குத் தைலம் தேய்த்திருந்தாள், விரலில் வாசனை போகவில்லை. மூட்டை உரசி உரசிக் காய்த்துப்போய், சூடு வைத்தாலும் தெரியாத தோல்.

"எனக்குத் தோள்னா என்னன்னு தெரியும்" என்றாள் என்னிடம். "தெரிஞ்சே ஆறு புத்தகத்துக்குத் தெரியாத மாதிரி எழுதியிருக்கேன். கடுப்பாயிருச்சு."

ஏழாவது நாவலுக்கு மூட்டை தூக்குகிறவனை நாயகனாக வைத்தாள். நாயகி பேக்கிங் பிரிவில் நிற்கிறவள்.

(அட்டைப்படம் தேடியது தனிக் கூத்து. படம் விற்கிற தளத்தில் 'மூட்டை தூக்குபவர்' என்று போட்டால் வந்தவன் வெள்ளைக் கையுறை மாட்டி, காலி அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்து, பற்பசை விளம்பரம் மாதிரி சிரித்தான். கடைசியில் முதுகு மட்டும் தெரிகிற ஒருத்தனைப் பிடித்தாள். அவனும் முதுகில் எண்ணெய் பூசியிருந்தான்.)

பதினெட்டு எபி வழுக்கிக்கொண்டு போனது. பத்தொன்பதாவது, முதலிரவு. குழுவே இதற்காகத்தான் காத்துக்கிடந்தது.

'அவன் கதவைத் தாழிட்டான். அவளைப் பார்த்தான். கட்டிலில் உட்கார்ந்தான்.'

உட்கார்ந்தவன் தூங்கிவிட்டான்.

4

இந்த இடத்தில் நான் குறுக்கே வரவேண்டியிருக்கிறது. ஏனென்றால் கத்திய அன்று சாயங்காலமே, சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்க ரைட்டர் என் வீட்டுக்கு வந்தாள், கத்தியது தன் நாயகனைப் பார்த்து என்றாள். வந்தவள் மேஜையில் கிடந்த முதல் தொடக்கத்தைப் படித்துவிட்டாள்.

"யாரு இது குடிச்சிட்டுக் கிடக்கிறது?"

"அது... கதைக்காக."

"எங்க வீட்டுக்காரரு டீக்கே சர்க்கரை கம்மியாப் போடச் சொல்றவரு. ஏன் எழுத்தாளரம்மா, உங்க கதைல மூட்டை தூக்குறவன்னா குடிச்சே ஆகணுமா? என் நாயகன் ஆறடி இருக்கணும், உங்க ஆளு குடிச்சிருக்கணும். என்னைச் சொல்ல வந்துட்டீங்க!"

நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தைக் கசக்கினேன்.

"கல்யாணத்தன்னைக்கே ஏன் உங்க நாயகன் தூங்குறான்?" என்றேன், பேச்சை மாற்ற.

"காலைல லோடு இறக்கிட்டு வந்தான்ல."

"கல்யாண நாள்லயா?"

"ஆள் குறைஞ்சா போய்த்தானே ஆகணும்? இவரு போகலையா? தாலி கட்டிட்டு நேரா கிடங்குக்குப் போனவருதானே!"

ரைட்டர் அவனை எழுப்பிப் பார்க்காமல் இல்லை. நாயகியை வளையல் குலுக்க வைத்தாள். கூரையிலிருந்து அவன் நெற்றியில் மழைத்துளி விழ வைத்தாள், திரும்பிப் படுத்தான். சரி, ஒழியட்டும் என்று மூன்று நாள் விடுப்புக் கொடுத்தாள். மூன்று நாளும் தூங்கினான். கடைசியில் அவனைச் சூப்பர்வைசர் ஆக்கினாள். சட்டென்று எழுந்து காலரைச் சரிசெய்துகொண்டு, 'உன்னை என்னிடமிருந்து யாராலும் பிரிக்க முடியாது' என்றான்.

"அது அந்தப் பழைய ஆறு பேர்ல ஒருத்தன்" என்றாள். "இவன் இல்ல. அழிச்சேன். அழிச்சதும் மறுபடி குறட்டை. அப்பத்தான் கத்திட்டேன்."

5

குழுவை நடத்துகிறவளை எல்லாரும் அட்மின் அக்கா என்பார்கள். அவளை முதலில் வில்லியாக எழுதினேன். [நீண்ட நகம், வெடுக்கென்ற பேச்சு, பூனை ஒன்று...] எதற்குப் பூனை என்று எனக்கே தெரியவில்லை. வெட்டிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் ரைட்டர் போனை ஸ்பீக்கரில் போட்டபோது, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டதை மட்டும் தருகிறேன்.

"என்னம்மா ரைட்டர், யூடி எங்க? குழுவுல கல்லெறியாத குறைதான்."

"அவன் தூங்கிட்டான்க்கா."

"யாரு, உன் வீட்டுக்காரரா?"

"நாயகன்."

"முதலிரவுலயா?"

"ஆமா."

"எழுப்பித் தொலை."

"எந்திரிக்க மாட்டேங்கிறான்க்கா."

"ஏம்மா, கதை எழுதுறது நீயா அவனா?"

"களைச்சுப் போனவன் தூங்காம என்னக்கா செய்வான்?"

அந்தப் பக்கம் பேருந்து இரைச்சல் கேட்டது.

"நான் காலைலேர்ந்து கடையில பில் போட்டுட்டு நிக்குறேன். கால் மரத்துக் கட்டையாப் போச்சு. இப்பத்தான் ஒரு சீட்டு கிடைச்சுது, உன் கதையத் திறக்குறேன். அங்கயும் ஒருத்தன் அசந்து கிடந்தா நான் எங்கம்மா போவேன்? உலகத்துல ஒரே ஒரு ஆம்பளையாவது களைக்காம இருக்கட்டுமே. கதைலயாவது."

(அவளை வில்லியாகவே விட்டிருந்தால் எனக்கு வேலை மிச்சம்.)

"இங்க பாரு" என்றாள் அட்மின் அக்கா, குரல் இறங்கி. "அவன் நிஜமா முதலாளி மகன். சோதிச்சுப் பாக்க மாறுவேஷத்துல மூட்டை தூக்கினான். ஒரே ஒரு வரி போடு, எல்லாம் நேராயிடும். நாளைக்குள்ள போடலேன்னா பாதிப்பேர் வேற கதைக்குப் போயிடுவாங்க. போனவங்க திரும்பிவந்து நான் பாத்ததில்ல."

மாறுவேஷம். அந்த ஒரு வரியை ரைட்டர் எழுதியும் வைத்தாள். எழுதுவதற்கு மூச்சுவிடுகிற நேரம்கூட ஆகவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். பதினெட்டு எபியாக ஒருத்தனை மூட்டை மூட்டையாகத் தூக்க வைத்து, கடைசியில் அத்தனையும் வேஷம் என்று சொல்ல ஒரு வரி போதுமா? அப்படியானால் தைலம் தேய்த்த தோள் எந்தப் புத்தகத்தில்தான் வரும்?

6

அடுத்த நாள் வீட்டுக்காரர் மதியம் எழுந்து முகம் கழுவி, டீ டம்ளரோடு வாசல்படியில் உட்கார்ந்தார். அவர் ரைட்டரின் ஒரு வரிகூடப் படித்ததில்லை. முதல் பக்கத்திலேயே கண் சொருகிவிடும்.

"ஏங்க, லோடு இறக்கிட்டு வந்தவன புதுப் பொண்டாட்டி எழுப்பினா எந்திரிப்பானா?"

"எத்தன லாரி?"

"ரெண்டு."

"சரக்கு?"

"சிமெண்ட்."

"மாட்டான்."

"அது எனக்கே தெரியுதே! இன்னைக்கு நான் எபி போடணும். அவன் கிடக்கிறான் பொணம் மாதிரி. நான் என்னத்த எழுதுறது?"

அவர் டீயை ஊதினார். "அந்தப் பொண்ணு வேலைக்குப் போகுதா?"

"பேக்கிங். நின்ன வேலை."

"அப்புறம் அது ஏன் முழிச்சிட்டு உக்காந்திருக்கு? அதையும் படுக்கச் சொல்லு."

"ரெண்டு பேரும் தூங்கிட்டா கதைய யாருங்க நடத்துறது?"

"நீதான் தூங்கவே மாட்டியே" என்றார் அவர், கொஞ்சம் சலிப்பாகவே. "வந்து படுன்னு சொன்னா, இந்த வரிய முடிச்சிட்டு வர்றேம்பே. எந்த வரி முடிஞ்சிருக்கு?"

ரைட்டருக்குச் சுருக்கென்றது. 'பேச்சப் பாரு' என்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். போனவள் எண்ணெய் டப்பாவின் முன்னால் நின்றாள். அந்தப் பெண்ணும் காலையிலிருந்து நிற்கிறாள் என்பது எழுதிய தனக்குத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே கடுகடுவென்று வந்தது. அந்தக் கடுப்பிலேயே அடித்தாள்:

'வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். அவன் கட்டிலின் நடுவில் கிடந்தான். ஓரமாக ஒரு ஆள் படுக்க இடமிருந்தது. படுத்தாள். தூக்கத்திலேயே அவன் கை வந்து அவள்மேல் விழுந்தது. ஒரு மூட்டையின் கனம். சிமெண்டும் சோப்பும் மணந்தன. நகர்த்தி வைக்கலாம் என்று நினைத்தா'

அவ்வளவுதான் எபி. சொல்லைக்கூட முடிக்கவில்லை. பிழை என்று நினைப்பார்கள் என்றேன் நான். "தூக்கம் வந்தவ வரிய முடிச்சிட்டா தூங்குவா?" என்று கேட்டாள்.

7

போனில் இரண்டு கோப்பு. ஒன்றில் மாறுவேஷ முதலாளி மகன். இன்னொன்றில் தூங்குகிற இரண்டு பேர். நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க சொல்லாதீங்க. உங்க கதைய நாலு பேர் படிக்கிறாங்க, அதுல ரெண்டு பேர் நானும் நீங்களும்."

அவள் போட்டது இரண்டாவதை. போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு நிமிர்த்தினாள். குழுவில் அட்மின் அக்கா என்ன சொல்வாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையின் மேலே அவள் பெயருக்குக் கீழே 'தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது.

இங்கே நான் இரண்டு முடிவு வைத்திருந்தேன்.

முடிவு ஒன்று: 'ஏமாத்திட்டே ரைட்டர்' என்று அட்மின் அக்கா எழுதுகிறாள். ஒவ்வொருத்தியாகக் குழுவை விட்டு வெளியேறுகிறார்கள். ரைட்டர் எட்டாவது புத்தகத்துக்கு ஆறடியில் ஒருத்தனைத் தேடத் தொடங்குகி...

முடிவு இரண்டு: 'படிச்சிட்டே பஸ்ல தூங்கி, ரெண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினேன்' என்று எழுதுகிறாள். புகழ்ச்சியா புகாரா என்று ரைட்டர் என்னிடம் கேட்க, நான்...

இரண்டையும் காட்டினேன். முதலாவதைப் படித்து, "உங்களுக்கு யாராவது நல்லா இருந்தா ஆகாதா?" என்றாள். இரண்டாவதைப் படித்து, "இது நான் எழுதுற மாதிரி இருக்கு" என்றாள், அதைவிட எரிச்சலாக. இரண்டையும் வெட்டச் சொன்னாள்.

வெட்டியாயிற்று. அட்மின் அக்கா இன்னும் தட்டச்சு செய்துகொண்டுதான் இருக்கிறாள். அவள் படித்த அதே எபியை மேலே நீங்களும் படித்தீர்கள். வேலை முடித்து எங்கோ ஒரு சீட்டில் உட்கார்ந்து படித்திருப்பீர்கள், உங்களுக்கும் கால் கடுத்திருக்கும். அவள் சொல்லப்போவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஏமாற்றினாள் என்று திட்டுங்கள், பிடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள், பாதியில் மூடிவிட்டு வேறு கதைக்குப் போகிறதானால் போங்கள். அவனை எழுப்பு என்று மட்டும் கேட்காதீர்கள். விடிந்தால் அவனுக்கு லோடு இருக்கிறது.