கம்பாலா வீட்டின் பின்னறை

என்னைக் கெட்டவள் என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள் முதலில் தில்லியில் வேலைக்கு ஆள் வைத்துக் குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

1999 கோடையில் என் கணவர் வெங்கடராமனுக்கு வெளிநாட்டுப் பதவி நிச்சயமானது. எந்த ஊர் என்பது மட்டும் தெரியவில்லை. அமைச்சகத்தில் ஒரு படிவம் கொடுத்து, விருப்பமான மூன்று ஊர்களை எழுதச் சொல்வார்கள். எழுதுவது நாம், முடிவு செய்வது அவர்கள். ஒவ்வோர் ஊரைப் பற்றியும் ஓர் அறிக்கை படிக்கக் கிடைக்கும். வீடு எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, துவரம்பருப்பு கிடைக்குமா, கொசு உண்டா, எல்லாம் அதில் இருக்கும். லோதி காலனி குவார்ட்டர்ஸ் மாடியில் உட்கார்ந்து அவற்றைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். இவர் புரட்டக்கூட இல்லை. "நீ எங்கே சொல்றியோ அங்கே போகலாம், காமு" என்றார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் சொன்ன ஒரே தீர்ப்பு அதுதான்.

எனக்கு ஆசை வியன்னாமேல். மகள் ரோஹிணிக்கு நல்ல பள்ளிக்கூடம், எனக்கு நல்ல காற்று. ஆனால் வியன்னாவுக்கு அடிதடி. உங்களுக்கு ஆப்பிரிக்காதான், கம்பாலாதான் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கம்பாலா அறிக்கையில் தோட்டத்தோடு பெரிய வீடு இருந்தது. பின்பக்கம் வேலையாளுக்கு ஒரு தனி அறை, அதற்குள்ளேயே குழாய். அதிகாரி தன்னோடு ஒரு வேலையாளைக் கூட்டிப்போகலாம், டிக்கெட் அரசாங்கச் செலவு. அதனால் தாயம்மாளிடம், "நீயும் வா" என்றேன்.

தாயம்மாள் ஒன்பது வருஷமாக என்னிடம் வேலை பார்த்தவள். விழுப்புரம் பக்கத்துக்காரி. புருஷன் செத்துப்போனான், பிள்ளை குட்டி இல்லை. பத்து நிமிஷ நடையில், சாக்கடைக் கால்வாய் ஓரத்துக் குடிசைப் பகுதியான கேம்ப்பில் ஒரு ஜுக்கி, அந்த விலாசத்தில் ஒரு ரேஷன் கார்டு, அவ்வளவுதான் அவளுடைய சொத்து. பக்கத்து ஜுக்கி பொன்னம்மாள்தான் அவளுக்குச் சொந்தம், சுற்றம் எல்லாம்.

"கொழா ரூமுக்குள்ளாரயேவா மாமி?" என்று தினமும் கேட்பாள்.

"உள்ளேதான்டி. காத்தால பக்கெட்டைத் தூக்கிண்டு டேங்கர் பின்னால ஓட வேண்டாம். அங்கே நீயே சமைக்கலாம், யார் பாக்கப்போறா?"

என் சமையலறையில் அவள் நறுக்குவாள், துருவுவாள், தேய்ப்பாள். அடுப்பைத் தொட விட்டதில்லை. சமைக்கலாம் என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அது நிஜம்தான்.

செப்டம்பரில் கேம்ப்பை இடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதற்கு முன்னால் சர்வே. கார்டில் பெயர் உள்ளவர் தன் வாசலில் நின்றால் பர்ச்சி என்று ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். அதைக் காட்டினால் ஊருக்கு வெளியே துண்டு நிலம் கிடைக்கும். ஆள் இல்லையென்றால் ஒன்றும் கிடையாது. எந்த நாள் வருவார்கள் என்று சொல்ல மாட்டார்கள். தாயம்மாள் ஒரு வாரம் லீவு கேட்டாள்.

அதே வாரம் வியாழக்கிழமை, போஸ்டிங் பார்க்கும் பெரிய அதிகாரியின் மனைவி விஜயலக்ஷ்மி என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள். மலை மந்திர் முருகன் கோவிலில் இரண்டு மாதம் அவள் பின்னாலேயே பிரதட்சிணம் வந்து பிடித்த பழக்கம். அவியல், பருப்புசிலி, ரசவாங்கி, பால் பாயசம் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். ஒண்டியாக எப்படிச் சமாளிப்பது?

"வியாழக்கிழமை மட்டும் வந்துடு. சர்வேக்காரா வந்தா பொன்னம்மா ஓடி வந்து கூப்பிடட்டும். பத்து நிமிஷம்தானே" என்றேன். தாயம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

அன்று விஜயலக்ஷ்மி அவியலை ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடி ருசித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. பொன்னம்மாள் மூச்சு வாங்க நின்றாள்.

"மாமி, வந்துட்டானுங்க. நாலாவது சந்துல எழுதிக்கினு இருக்கானுங்க. தாயம்மாவ ஜல்தி அனுப்புங்க."

பின் வராந்தாவில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. தாயம்மாளுக்கு எதுவும் கேட்டிருக்காது. அவள் போய்விட்டால் எச்சில் இலையை யார் எடுப்பது? அந்தப் பெரிய மனுஷி முன்னால் நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பதா?

"ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அனுப்பியிருக்கேன். வந்ததும் சொல்றேன்" என்றேன்.

"ஐயோ, நானே போய்ப் பாக்கறேன்" என்று பொன்னம்மாள் மார்க்கெட் பக்கம் ஓடினாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் இவர் தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"காமு..."

"பாயசம் ஆனதும் சொல்லிடறேன்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பாயசம் ஆனதும் விஜயலக்ஷ்மி தானாகவே வியன்னா பேச்சை எடுத்தாள். அந்த நேரத்தில் எழுந்து போக எனக்கென்ன பைத்தியமா?

நாலரைக்கு அவள் கிளம்பினாள். ஐந்துக்குத் தாயம்மாளும் போனாள். ஆறு மணிக்குத் திரும்பி வந்து வாசலில் நின்றாள். கேம்ப்பில் எல்லாக் கதவிலும் எண் போட்டிருக்கிறார்களாம், அவள் கதவில் மட்டும் 'பந்த்', பூட்டிக் கிடக்கிறது என்று சாக்பீஸால் எழுதியிருக்கிறதாம்.

"பொன்னம்மா வந்திச்சாமே மாமி? நான் மார்க்கெட்டுக்குப் போயிருக்கேன்னு சொன்னீங்களாம்?"

"நீ இன்னிக்கு மார்க்கெட்டுக்குப் போனியா?"

"இல்லியே."

"போகாதவளைப் போயிருக்கான்னு நான் ஏன் சொல்லணும்? நீ பிளேன் ஏறப்போறேன்னு அவளுக்கு வயித்தெரிச்சல்டி. கூப்பிட வராம இருந்துட்டு இப்போ கதை சொல்றா."

அந்தப் பதில் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஆனால் நன்றாக வந்தது.

"அதானே" என்றாள் தாயம்மாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போனா போவுது மாமி. அதான் நமக்குக் கம்பாலா இருக்குதே" என்றாள். பொன்னம்மாளோடு பேச்சை அன்றோடு நிறுத்திவிட்டாள்.

அக்டோபரில் ஆர்டர் வந்தது. வியன்னா! நான் கூத்தாடாத குறை. மூன்றாவது மாடியில் ஃப்ளாட், இரண்டு படுக்கையறை, சமையலறையை ஒட்டி ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்று.

"அந்த ரூம் தாயம்மாவுக்குப் போதுமே" என்றார் இவர்.

"சுவாமி படம், அரிசி, பருப்பு எல்லாம் என் தலைமேலயா வச்சுக்கறது?" என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தாயம்மாளிடம் ஊர் மாறிவிட்டது, இடமில்லை என்று சொன்னேன். "மூலைல படுத்துக்கறேன் மாமி, சமையக்கட்டுல" என்றாள். குளிர் உனக்கு ஒத்துக்காது என்றேன். அவள் அழவில்லை. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. அழுதிருந்தால் ஒரு புடவை கொடுத்துத் தேற்றி அனுப்பியிருப்பேன்.

நவம்பரில் புல்டோசர் வந்தது. தாயம்மாள் ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றாள். கிளம்பும்வரை பின் வராந்தாவில் படுத்துக்கொள்ளச் சொன்னேன். மூட்டை கட்ட எனக்கும் ஆள் வேண்டியிருந்தது.

கிளம்பும் நாள் மத்தியானம் கீழே டாக்ஸி நின்றது. குவார்ட்டர்ஸ் சாவியை ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். நாங்கள் பெட்டிகளை வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தபோது பொன்னம்மாள் படியேறி வந்தாள். தாயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாமி, எனுக்கு எடம் குடுத்துட்டாங்க. ரெண்டு பஸ்ஸு மாறிப் போவணும், ஆனா எடம் இருக்குது. வந்து எங்கூட இருடின்னா இவ வர மாட்டேங்கிறா. நீ கூப்பிட வந்திருந்தா எம் வூடு போயிருக்குமாங்கிறா. அன்னிக்கு மார்க்கெட்டு பூரா இவளத் தேடிட்டு, கடைசி நிமிஷத்துலதான் எம் வாசலுக்கு ஓடினேன் மாமி. நான் வந்தேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. இவ காதுல வுழட்டும்."

தாயம்மாள் இப்போது திரும்பி என்னைப் பார்த்தாள். இவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டேயிருந்தார். ரோஹிணி, "அம்மா, லேட் ஆகுது" என்றாள்.

ஒரு வார்த்தைதான். ஆமாம் என்றால் தாயம்மாளுக்கு இன்று ராத்திரி படுக்க ஒரு கூரை இருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொன்ன மறுநிமிஷம் அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாளே, அதற்கு எனக்குப் பயமாக இருந்தது. அதுவும் பெண் பக்கத்தில் நிற்கும்போது.

"நீ எங்கே வந்தே? வரவே இல்லையே" என்றேன்.



"பாத்தியாடி? மாமி எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றாள் தாயம்மாள்.

பொன்னம்மாள் படியிறங்கிப் போய்விட்டாள். தாயம்மாள் இருந்ததிலேயே பெரிய பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வழுக்கும் மாமி, பாத்து வாங்க" என்று எனக்கு முன்னால் இறங்கினாள்.