தவக்காலத்தில் நிரோஜினியின் மதியச் சாப்பாடு

1
இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. கோப்பாய் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி ஜெயந்தினி சொன்னது. விளையாட்டு வீரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு, அது போதுமா என மதிப்பிடுவது அவள் வேலை. "கேட்டால் முக்கால்வாசிப் பேர் பொய்தான் சொல்லுவினம்" என்றாள். எனக்கு அது போதாதா? என் பிழைப்பே பொய்யில்தான் ஓடுகிறது.

2
முதல் தொடக்கம்: "குருநகர்க் கடற்காற்றில் நிரோஜினியின் உரம் பாய்ந்த தோள்கள்..."

வேண்டாம். அவள் பளுதூக்கும் வீராங்கனை. தோளை வர்ணித்தால் என்னையும் தூக்கிப் போட்டுவிடுவாள்.

இரண்டாவது தொடக்கம்: மகள் தேசியப் போட்டியில் வெல்லவேண்டும் என்று அம்மா மரியநாயகி அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். தவக்காலம் முடியும்வரை மகள் மீன், முட்டை, இறைச்சி, ஒரு மச்சமும் தொடமாட்டாள்.*

மகளோ பயிற்சி முடிந்ததும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மீன் பொரியலை வெளுத்துக் கட்டுகிறாள். அவ்வளவு பாரம் தூக்கினால் பசிக்காதா? எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை.

(* மகளைக் கேட்டாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். பிள்ளையைக் கேட்டு யார் நேர்த்தி வைக்கிறார்கள்?)

3
இனித்தான் சிக்கல். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களைப் போட்டிக்கு அனுப்புவதில்லை என்று பயிற்றுநர் சொல்லிவிட்டார். ஜெயந்தினி தன் அறையில் வைத்துக் கேட்கிறாள்:

"தங்கச்சி, நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டனீர்?"

பக்கத்துக் கதிரையில் மரியநாயகி. சோறும் முருங்கைக்காய்க் கறியும் என்றால் போட்டி போய்விடும். மீன் என்றால் அம்மா உடைந்துபோவார். நிரோஜினி நகத்தைக் கடிக்கிறாள்.

மரியநாயகியை எப்படியாவது வெளியே அனுப்பப் பார்த்தேன். அவருடைய கைபேசியை அடிக்கவைத்தேன். "பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டார். விற்பதற்குக் காயப்போட்ட கருவாடு நனையட்டும் என்று மழையைக் கொட்டவைத்தேன்.

"நனைஞ்சால் நனையட்டும். முதல்லை பிள்ளையின்ரை அலுவல்" என்றார்.

எழுத்தாளனைக் கொஞ்சமும் மதிக்காத மனுசி! கதையையே கிழித்துப் போடலாமா என்றுகூட...

4
அப்போது அவர் தானாகவே எழுந்தார். இதை நான் திட்டமிடவில்லை.

"மிஸ், நான் வெளியிலை நிக்கிறன். நீங்கள் பிள்ளையோடை கதையுங்கோ."

"ஏன் அன்ரி, இருங்கோவன்."

"இல்லை மிஸ். என்னை வைச்சுக்கொண்டு அவள் என்னெண்டு சொல்லுவாள்?"

காலம் முழுக்க மீன் விற்றவர். மகளின் கையில் பொரியல் மணத்தை அவர் கண்டுபிடிக்கமாட்டார் என்று நானும் நிரோஜினியும் நம்பியிருக்கிறோம். நிரோஜினி தலையைக் குனிந்துகொண்டாள்.

5
அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்து அழுவதாக ஒரு முடிவு எழுதினேன். அழித்துவிட்டேன். போட்டியில் தங்கம் வாங்குவதாக இன்னொன்று. அதுவும் சரிவரவில்லை.

அந்த அறைக்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். திரைக்குக் கீழே மரியநாயகியின் கால்கள் தெரிகின்றன. நிரோஜினி உண்மையைத்தான் சொல்லப்போகிறாள், அதுவரை எனக்கு நிச்சயம். ஜெயந்தினிக்கு மட்டும் கேட்கும்படி சொல்வதா, அம்மாவுக்கும் கேட்கும்படி சொல்வதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.