தலைவருக்கு ஒரு கதிரை

முத்துலிங்கத்துக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். கண்டியில் மனித உரிமை முறைப்பாடுகளை விசாரிக்கும் அலுவலகம் ஒன்றுக்கு அவர் பொறுப்பதிகாரி. கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஜஹானா என்ற பயிற்றுநர் வந்து, பால்நிலை சமத்துவப் பயிற்சி என்று சொன்ன காலையில் அந்த மூக்கு சிவந்துதான் இருந்தது.

"இந்த ஆபீஸ்ல பொம்பளைங்கதான் கூட. எனக்கே பேச எடம் கெடைக்க மாட்டேங்குது. இதுல என்னத்த சமத்துவம் படிக்கிறது?" என்று விசாரணை அதிகாரி நிஷாந்தினியிடம் முணுமுணுத்தார்.

மனிதர் கெட்டவர் அல்ல. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்து, படித்து, குண்டசாலையில் வீடு கட்டியவர். தோட்டத்து ஆட்கள் வந்தால் எழுந்து நின்று வரவேற்பார். கூட வரும் தொழிற்சங்கத் தலைவருக்கு முதலில் உட்காரக் கதிரை போடுவார். பிளேன்டீ வரவழைப்பார். பிறகு, "சொல்லுங்க தலைவரே" என்பார். தோட்டத்தில் எந்தக் காரியமானாலும் தலைவர் வாயால் பேசுவதுதானே வழக்கம்? அந்த மரியாதை தெரியாத அதிகாரிகளை அவருக்குப் பிடிக்காது.

கொழுந்து பறிக்கும் வீரம்மாவின் முறைப்பாட்டையும் அப்படித்தான் விசாரித்தார். கொழுந்து நிறுக்கும் இடத்தில், வேலையை மேற்பார்க்கும் கங்காணி பெண்கள் மேல் கை வைக்கிறார் என்று அவள் ஒற்றை வரி எழுதி அனுப்பியிருந்தாள். இரண்டு முறை வந்தாள். இரண்டு முறையும் தலைவர் கணேஸ் கதிரையில் சாய்ந்துகொண்டு, "சின்ன விசயம் சேர், தோட்டத்துக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்" என்றார். வீரம்மா அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி நின்றாள். இன்று பின்னேரம் கடைசி விசாரணைத் தவணை. இன்றும் அவள் வாய் திறக்காவிட்டால், முறைப்பாட்டாளருக்கு விருப்பமில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவதாக முத்துலிங்கம் முடிவு செய்திருந்தார்.

"விருப்பமில்லாதவங்க ஏன் சேர் ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு பஸ் ஏறி வர்றாங்க?" என்று நிஷாந்தினி கேட்டாள்.

சங்கடம் வந்தால் முத்துலிங்கம் கண்ணாடியைத் துடைப்பார். இப்போதும் துடைத்தார்.

ஜஹானா பாடம் எதுவும் நடத்தவில்லை. "வாங்க, ஒரு முறைப்பாடு விசாரிச்சுப் பார்ப்போம். சேர்தான் முறைப்பாட்டாளர். பஸ்ஸுல ஒருத்தன் உங்கட உடம்புல கை வெச்சிட்டான். அதச் செல்லோணும். நிஷாந்தினி கேப்பா. டிரைவர் சுரேஸ்தான் உங்கட தலைவர்" என்றாள்.

சுரேஸுக்குத் தலைகால் புரியவில்லை. கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். முத்துலிங்கம் அவனுக்குப் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று.

விளையாட்டுத்தானே என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. எங்கே கை வைத்தான் என்று சொல்ல வேண்டுமே! கதவு திறந்து கிடந்தது. வெளியே வாங்கில் உட்கார்ந்து ஆட்கள் காத்திருந்தார்கள். மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது.

சுரேஸ் முந்திக்கொண்டான். "ஐயாவுக்கு ஒண்ணுமில்லீங்க மேடம். பஸ்ஸுன்னா இடிக்கத்தானே செய்யும்? சின்ன விசயம். பேசி முடிச்சுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நிஷாந்தினி மட்டும் சிரிக்காமல் பேனாவை எடுத்துக்கொண்டு சுரேஸின் பக்கம் திரும்பினாள். "சரிங்க தலைவரே, வேற என்ன?"

"டேய்! பட்டது நானு. என் கதைய நான் சொல்றேன். நீ வாய மூடு!"

முத்துலிங்கம் போட்ட சத்தத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. அவருடைய மூக்கு முதலில் கோபத்தில் சிவந்தது. பிறகு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும், வெட்கத்தில் சிவந்தது. வீரம்மாவின் குனிந்த தலை ஞாபகம் வந்தது. கணேஸுக்குக் கதிரையை இரண்டு முறையும் போட்டுக் கொடுத்தது அவர்தான்.

பின்னேரம் கணேஸ் வெள்ளைச் சட்டையோடு முன்னால் வந்தார். வீரம்மா பின்னால் வந்தாள். தலைவர் தன் வழக்கமான கதிரையைத் தேடி அறைக்குள் நுழையப் போனபோது, முத்துலிங்கம் அதைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"வாங்க தலைவரே, நம்ம இங்க காத்தாட உக்காருவோம்." விறாந்தையின் கடைசியில் கதிரையைப் போட்டுவிட்டு நிஷாந்தினியிடம் சொன்னார்: "நீங்க அம்மாவ என் ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. கதவச் சாத்திக்குங்க."

வீரம்மா தலைவரைப் பார்த்தாள். பிறகு முத்துலிங்கத்தைப் பார்த்தாள்.

"போங்கம்மா. ஒங்க கதைய நீங்களே சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல."

அவள் உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

டீ வந்தது. கணேஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அதுக்குப் பேசத் தெரியாது சேர்" என்றார்.

உள்ளே சத்தமே இல்லை. முத்துலிங்கம் சாத்திய கதவைப் பார்த்தார். இன்றும் அவள் பேசாமலே போய்விட்டால்? கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

பிறகு ஒரு குரல் கேட்டது. முதலில் தணிந்து, போகப் போக உயர்ந்து. என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. ஆனால் குரல் நிற்கவில்லை.

கணேஸ் பாதி எழுந்துவிட்டார். "நான் போயி கொஞ்சம் எடுத்துச் சொல்லிட்டு வந்துர்றேனே..."

முத்துலிங்கம் அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.

"டீயக் குடிங்க தலைவரே. அவங்க நல்லாத்தான் பேசுறாங்க."